கழுவப்படாத தொட்டி

பெரியவரின் சாறு விழுந்த தொட்டியை யாரும் கழுவுவதில்லை.

அந்த ஆய்வகத்தின் எழுதப்படாத சட்டம் அது. யாரும் யாருக்கும் சொன்னதில்லை. ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் பழகிக்கொண்டதுதான். வேறு எந்த மருந்தாக இருந்தாலும் சொட்டு விடுவார்கள். தொட்டிக்குள் தொங்கும் குடல் துண்டின் துடிப்பு அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு தொட்டியைக் கழுவிப் புது நீர் நிரப்பி, துண்டு பழையபடி துடிக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அதுதான் முழுச் சோதனை.

பெரியவரின் இலைச்சாறு என்றால் மட்டும் பாதியோடு நிறுத்தம்!

அடங்கியதா? கைதட்டல். துண்டு நேராகக் குப்பைக் கூடைக்கு!

ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பம்பரமும் கேட்டதில்லை.

பம்பரம் அவளுடைய இயற்பெயர் அன்று. நாற்காலி என்ற பொருளின் பயன் அறியாதவள் என்பதால் ஆய்வகத்தின் இயக்குநரான பெரியவர் வைத்த பட்டப்பெயர். இளைய விஞ்ஞானி. அன்று மதியமும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். எதிரே, விரல் உயரக் கண்ணாடித் தொட்டியில், வெதுவெதுப்பான உப்புநீருக்குள் ஒரு முயலின் சிறுகுடல் துண்டு நூலில் தொங்கியது. முயல் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தச் செய்தி குடலுக்கு இன்னும் எட்டவில்லை. அது தன்பாட்டில் சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, கணினித் திரையில் அலை அலையாகக் கோடு கிழித்துக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது.

அத்தான்!

அவளுடைய அக்காவின் கணவர். இலைச்சாறு காய்ச்சும் அறைக்குத் தலைவர். சுவரைப் பிடித்தபடி நின்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"என்ன அத்தான், மருந்துக் கம்பெனி ஆளுங்க கிளம்பியாச்சா?"

"கிளம்பியாச்சு..."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? அக்கா போன்ல பிடிச்சுக்கிட்டாளா?"

"பம்பரம்... கொஞ்ச நேரம் சுத்தாம நில்லேன்..."

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"அப்போ... ரூம்தான் சுத்துது..."

அடுத்த நொடி அவர் தரையில் கிடந்தார்!

பம்பரம் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். துடிப்பு இருந்தது. ஆனால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே ஒருவர் கடைக்குப் போய்த் திரும்பிவிடலாம் போலிருந்தது.

அவள் போட்ட அலறலில் மாடிப்படி முழுக்கச் செருப்புச் சத்தம்!

*

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு. வெளியே அக்கா. அவள் கையில் கணவரின் கைக்கடிகாரமும் மூக்குக் கண்ணாடியும். அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வெளியே வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. முகத்தில் சிரிப்பு இல்லை.

"இதயம் ரொம்ப மெதுவா அடிக்குது. ரத்த அழுத்தம் இறங்கிக்கிட்டே போகுது. சர்க்கரை மட்டும் ஏறியிருக்கு. சர்க்கரை நோய் உண்டா?"

"இல்லவே இல்லை டாக்டர்" என்றாள் அக்கா. "தலைவலிக்கு ஒரு மாத்திரை போடச் சொன்னாக்கூட நாள் முழுக்க வாதாடுவார்."

"இன்னிக்கு என்ன சாப்பிட்டார்?"

"நான் குடுத்ததைத்தான்..."

சொல்லிவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தூண் ஓரம் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார். மருத்துவமனை சொல்லியனுப்பி வந்தவர். இடது கையால் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார்.

பம்பரம் குறுக்கே பாய்ந்தாள்.

"டாக்டர், காலையில ஆய்வகத்துல இலைச்சாறு குடிச்சிருக்கார். விருந்தாளிங்க முன்னாடி ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டறது எங்க வழக்கம். இயற்கை, ஆபத்தில்லைன்னு நிரூபிக்க. எப்பவும் பெரியவர்தான் குடிப்பார். இன்னிக்கு அத்தான் குடிச்சாராம்."

"என்ன இலை அது?"

"குடல் பிடிப்புக்கானது. தசைக்குள்ள கால்சியம் நுழையற கதவை மூடும். தசை தளர்ந்துடும்."

"உங்க பெரியவர் அதை எத்தனை வருஷமா குடிக்கிறார்?"

"நான் சேர்றதுக்கு முந்தியிலிருந்தே."

"அவருக்கு ஒண்ணும் ஆகலே. இவருக்கு மட்டும் ஆகியிருக்கு. அப்போ இன்னிக்கு அதுல வேற எதுவோ இருந்திருக்கு." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "கேளும்மா. சில செடிகள்ல இதயத்தையே முறுக்கற விஷம் உண்டு. தப்பான இலை கலந்து, அந்த விஷமா இருந்தா, அது மேல கால்சியம் ஏத்த எனக்குப் பயம். நிலைமை இன்னும் மோசமாகலாம். ஆனா இது கால்சியம் கதவை அடைக்கிற வலுவான மருந்தா இருந்தா, ஊசி வழியா கால்சியம் ஏத்தியே ஆகணும். ஏத்தலேன்னா..."



"ரத்தப் பரிசோதனை?"

"அனுப்பியிருக்கு. முடிவு நாளைக்கு."

"நாளைக்கா!"

"அதைத்தான் சொல்றேன். ரிப்போர்ட் நாளைக்கு வரும். அதுவரைக்கும் உங்க அத்தான் தாங்கணுமே."

அக்கா பம்பரத்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏண்டி, நீயும் வருஷக்கணக்கா அந்தக் குடலைக் கட்டிக்கிட்டு அழறியே... அது இதுக்கெல்லாம் உதவாதாடி?"

பம்பரம் ஒரு கணம் அசையாமல் நின்றாள். அவள் வாழ்க்கையிலேயே அபூர்வமான கணம்!

"உதவும்க்கா."

*

ஜீப் பறந்தது.

"மேடம், எனக்குச் சின்னச் சின்னதா சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "சாறை ஊத்தினது யாரு?"

"பெரியவர்."

"வழக்கமா குடிக்கிறது?"

"பெரியவர்."

"இன்னிக்குக் குடிச்சது?"

"அத்தான்."

"ஊத்தினவர் சௌக்கியம். குடிச்சவர் ஐ.சி.யூ. எனக்கு இதுக்கு மேல படிப்பு தேவையில்லை."

"பெரியவரா? சார், அத்தானை அவர் பெத்த பிள்ளை மாதிரி..."

"பெத்த பிள்ளையைப் பத்தின கேஸே ஸ்டேஷன்ல அடுக்கி வெச்சிருக்கேன் மேடம். அது கிடக்கட்டும், ஏதோ கதவுன்னீங்களே, அது என்ன கதவு?"

"தசையில இருக்கற ஒவ்வொரு செல்லுக்கும் கண்ணுக்குத் தெரியாத கதவு உண்டு சார். அது திறந்து கால்சியம் உள்ளே போனா தசை இறுகும். மூடினா தளரும். உங்களுக்கு இப்போ வயித்தைப் பிடிச்சு இழுக்குதே..."

"தெரியுதா?"

"சீட் பெல்ட்டை விட்டுட்டு வயித்தைத்தான் பிடிச்சிருக்கீங்க. அங்கே கதவெல்லாம் விரியத் திறந்து கிடக்கு."

"அப்போ உங்க சாறு ரெண்டு சொட்டு..."

"இன்னிக்கு வேணாம் சார். இதே மாதிரிக் கதவு இதயத்துலேயும் இருக்கு, ரத்தக் குழாயிலேயும் இருக்கு. வலுவான மருந்து வயித்தோட நிக்காது."

இன்ஸ்பெக்டர் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

*

பெரியவர் கூட்ட அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வெள்ளை அங்கி. எதிரே பாதி காலியான பாட்டில். அடியில் பச்சைக் கசண்டோடு ஒரு டம்ளர். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"அவன் எப்படிம்மா இருக்கான்?"

அவள் கண் பாட்டிலின்மேல் இருந்தது. இன்ஸ்பெக்டர்தான் பேசினார்.

"ஐயா, இந்தப் பாட்டில்லேர்ந்து உங்க கையாலதான் ஊத்தினீங்களா?"

"ஆமா. ஆனா எனக்குத்தான் ஊத்திக்கிட்டேன். வாய்க்கிட்ட கொண்டு போனேன். அவன் ஓடி வந்து பிடுங்கிக் குடிச்சுட்டான்."

"பிடுங்கியா?"

"ஆமா. எல்லாரும் சிரிச்சோம். ஏதோ ஆர்வம்னு நினைச்சேன்."

"விஷம் வெச்ச டம்ளரைப் பிடுங்கிக் குடிக்கிற ஆர்வம்! கேள்விப்பட்டதே இல்லை ஐயா. நீங்க கொஞ்சம் இங்கேயே உட்காருங்க. வாசல்ல என் ஆள் நிப்பார்."

பம்பரம் காத்திருக்கவில்லை. பாட்டிலைப் பறித்துக்கொண்டு ஓடினாள்!

சோதனை அறை. இரண்டு தொட்டிகள், பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் புதிய குடல் துண்டுகள். சாறு அறையிலிருந்து ஒரு கை உலர்ந்த இலையை அள்ளி வந்து அவளே கொதிக்க வைத்து வடிகட்டினாள். இடது தொட்டிக்கு அவள் காய்ச்சிய வெறும் இலைச்சாறு. வலது தொட்டிக்கு அந்தப் பாட்டில்.

"ரெண்டு எதுக்கு மேடம்?"

"இலை மட்டும் என்ன செய்யும்னு தெரிஞ்சாத்தானே, பாட்டில்ல கூட என்ன இருக்குன்னு தெரியும்?"

முதலில் இரண்டிலும் பொட்டாசியம் உப்பு. கதவுகளைத் திறந்துவிடும் உப்பு அது. இரண்டு துண்டுகளும் வெடுக்கென்று சுருங்கின. திரையில் இரண்டு கோடுகளும் மேலே ஏறி அங்கேயே நின்றன.

இடதில் இலைச்சாறு.

கோடு யோசித்தது. சோம்பல் முறித்தது. மெல்ல மெல்ல இறங்கி... பாதிக்கும் மேலேயே நின்றுவிட்டது.

பம்பரம் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். இவ்வளவுதானா? இந்த இலையின் வீரம் இவ்வளவுதானா? அவள் பார்த்த ஒவ்வொரு சோதனையிலும் குடல் துண்டு துவண்டு தொங்கியதே!

யோசிக்க நேரமில்லை. வலதில் பாட்டில் சாறு. ஒரே ஒரு சொட்டு.

கோடு சரிந்தது! மலை உச்சியிலிருந்து உருண்டது போல் அடிவரை விழுந்து அங்கேயே படுத்துவிட்டது!

"செத்துடுச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இதயத்தை முறுக்கற செடி விஷம்னா குடல் இப்படி விழாது சார். இன்னும் இறுகத்தான் செய்யும். இது கதவடைப்பு! வலுவான கதவடைப்பு!"

"அப்போ டாக்டருக்குப் போன் போடுங்க!"

"இருங்க... கால்சியம் கேக்குமான்னு பார்க்கணும்."

வலது தொட்டியில் கால்சியம் விட்டாள். கோடு அசையவில்லை. மறுபடி விட்டாள். அசையவில்லை. மூன்றாவது முறை, கொஞ்சம் தாராளமாக...

கோடு தலை தூக்கியது!

சரியாக எழவில்லை. நோயாளி கட்டிலில் எழுந்து உட்காரும் அளவுக்குத்தான். ஆனால் எழுந்தது!

அவள் கைபேசியைப் பிடுங்கி எடுத்தாள்.

"டாக்டர்! கதவடைப்புதான்! கால்சியம் ஏத்துங்க!"

"உறுதியா தெரியுமா? தப்பா இருந்தா அவரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது."

"குடல் துண்டு எழுந்திருச்சு டாக்டர். என் கண் முன்னாடி!"

"முயலை நம்பி ஒரு மனுஷனுக்கு..."

போன் கை மாறும் சத்தம். அக்காவின் மூச்சு.

"ஏய்... முயல் கதையெல்லாம் வேணாம். நீ சொல்றியா?"

தவறாகிவிட்டால் அக்காவின் முகத்தில் இனி எப்படி விழிப்பாள்? ஆயுள் முழுக்கவா ஓடி ஒளிவாள்?

"சொல்றேன்க்கா."

"டாக்டர், ஏத்துங்க" என்றாள் அக்கா அந்தப் பக்கம்.

போன் அணைந்தது.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. பழக்கத்தில் அவள் விரல்கள் வலது தொட்டியின் வடிகுழாய்க்குப் போயின. கழுவ வேண்டும்... தொட்டவை சட்டென்று பின்வாங்கின. பெரியவரின் சாறு விழுந்த தொட்டி! இந்த நிலையிலும் கை அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது.

அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர். அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர்.

"மேடம், உங்களைப் பார்த்தே எனக்குத் தலை சுத்துது. உட்காருங்களேன்."

"முடியாது சார்."

மணி ஒலித்தது!

"துடிப்பு ஏறுதும்மா" என்றார் டாக்டர். அவர் குரலில் முதல்முறையாக ஈரம். "அழுத்தமும் ஏறுது. கண்ணைத் திறந்து தண்ணி கேக்கறார்."

பம்பரம் உட்கார்ந்தாள். நாற்காலியில் இல்லை. தரையில்!

*

"உயிர் திரும்பியாச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "இப்போ உயிரை எடுக்கப் பார்த்தவரைக் கவனிப்போம். நீங்க காய்ச்சின வெறும் இலைச்சாறு மிச்சம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"இதே மாதிரிப் பாட்டில் ஒண்ணுல ஊத்துங்க. உள்ளே விஷம்னு தெரிஞ்சவன் அதைத் தொட மாட்டான். தொடாத கையில விலங்கு மாட்டறதுதான் என் தொழில்."

கூட்ட அறை. இன்ஸ்பெக்டர் பாட்டிலை மேசைமேல் டக்கென்று வைத்தார்.

"ஐயா, இது காலையில நீங்க ஊத்தின பாட்டில். நீங்க நிரபராதின்னா இதுலேர்ந்து ஒரு டம்ளர்..."

வாக்கியம் முடியவில்லை. பெரியவர் ஊற்றினார். குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

விலங்குக்குப் போன இன்ஸ்பெக்டரின் கை பாதியில் திரும்பியது.

"இலை வாசனை கொஞ்சம் தூக்கலா இருக்கே. யார் காய்ச்சினது?" என்றார் பெரியவர்.

"ஐயா..." பம்பரம் காலி டம்ளரைக் காட்டினாள். "அதே பாட்டில்னு சொன்னாரே... உங்களுக்குப் பயமா இல்லையா?"

"எதுக்கும்மா பயப்படணும்? இலைதானே!"

நடிப்பில்லை. அந்த முகத்துக்கு நடிக்கத் தெரியாது. இவருக்குத் தெரியாது! பாட்டிலில் என்ன இருந்தது என்று இவருக்கு என்றைக்குமே தெரியாது!

அப்படியென்றால்... சாறு காய்ச்சும் அறைக்குள் போய் வருபவர் ஒரே ஒருவர்தானே?

கைபேசி அலறியது. அக்கா.

"அத்தான் பேசணுமாம். வேணாம்னா கேக்க மாட்டேங்கிறார். பெரியவரும் கேக்கணுமாம்."

ஒலிபெருக்கியில் போட்டாள். மெலிந்த குரல் வந்தது.

"ஐயா... நான்தான் கலந்தேன்."



"ஆரம்பத்துலேயே இலை பாதிகூட அடக்கலே ஐயா. நீங்க இடிஞ்சு போய் உட்கார்ந்தீங்க. என்னால அதைப் பார்க்க முடியலே. ஒரே ஒரு தடவைன்னு ரத்த அழுத்த மாத்திரையைப் பொடிச்சுப் போட்டேன். நீங்க குழந்தை மாதிரி குதிச்சீங்க... அப்புறம் நிறுத்த வழி தெரியலே. நீங்க குடிக்கிற பாட்டில்ல மட்டும் எப்பவும் வெறும் இலை. குடலுக்குச் சொட்டு விடற பாட்டில்லதான் கலப்பு."

"இன்னிக்கு என்ன ஆச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்தக் கம்பெனி அம்மா, சொட்டு விட்ட பாட்டில்லேர்ந்தே குடிச்சுக் காட்டுங்கன்னுட்டாங்க. ஐயா தாராளமான்னு ஊத்திட்டார். அவர் வயசுக்கு அதைத் தாங்கியிருக்க மாட்டார் சார்."

"யோவ், டம்ளரைத் தட்டி விட்டிருக்கலாமே!"

"இன்னொரு டம்ளர் ஊத்தியிருப்பார். பாட்டில் நிறைய இருந்துது. குடிச்சுட்டு ஓடிப் போய் வாந்தி எடுத்துடலாம்னு பார்த்தேன். கம்பெனிக்காரர் ஒருத்தர் கையைப் பிடிச்சுக் குலுக்கினவர் விடவே இல்லை."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"



"அதைவிட இது சுலபமா தெரிஞ்சுது சார்."

பின்னணியில் அக்காவின் குரல் வெடித்தது. "சுலபமா! நீங்க எழுந்து நடங்க முதல்ல, போலீஸுக்கு முன்னாடி நான் விசாரிக்கிறேன்!"

பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கேள்விதான் அவரிடம் மிச்சமிருந்தது.

"கழுவியிருந்தா தெரிஞ்சிருக்குமேடா..."

"ஆமா ஐயா. வெறும் இலைன்னா கழுவினதும் குடல் துடிக்க ஆரம்பிச்சிடும். மாத்திரை லேசுல விடாது. அதனால ஆரம்பத்துல நான் கழுவாம துண்டைத் தூக்கிப் போட்டேன். மத்தவங்க அதை உங்க உத்தரவுன்னு நினைச்சுக்கிட்டாங்க."

"நான் உங்க எல்லாரோட வழக்கம்னு நினைச்சேன்..."

பம்பரம் தலை குனிந்தாள். உத்தரவிட்டவர் யாருமில்லை. ஆனாலும் எல்லோரும் கீழ்ப்படிந்திருந்தார்கள். பாதிச் சோதனை பாதிதான் என்று முதல் ஆண்டு மாணவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்தே கைதட்டினாள்.

பெரியவர் நடந்தார்.

நேராகச் சோதனை அறைக்கு. நடைபாதையில் கூடியிருந்த ஆய்வகம் மொத்தமும் விலகி வழிவிட்டது. அவர் வலது தொட்டியின் முன்னால் நின்றார். அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"ஐயா, அது உங்க சாறு விழுந்த தொட்டி..." என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தெரியும். எல்லாரும் கிட்ட வந்து பாருங்க."

வடிகுழாயைத் திறந்தார்!

பச்சை நீர் கலகலவென்று இறங்கியது. புது நீர் நிரப்பினார். வடித்தார். மறுபடி நிரப்பினார். பிறகு இடது தொட்டியையும் அதேபோல் கழுவினார்.

இடது துண்டு சற்றே நெளிந்தது... சுருங்கியது... ஆட ஆரம்பித்தது! திரையில் அழகான அலைகள்.

வலது துண்டு அசையவில்லை. கால்சியமும் வடிந்துபோனதால் கோடு மறுபடி தரையோடு தரையாகக் கிடந்தது. ஒரு மனிதரின் புகழ் முழுவதும் அந்தக் கோட்டில் படுத்திருந்தது. அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

யாரும் கைதட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பம்பரத்தின் பக்கம் சாய்ந்தார்.

"என் சர்வீஸ்ல தடயத்தைக் கழுவினவங்களை எல்லாம் உள்ளே தள்ளியிருக்கேன் மேடம்... கழுவினதாலேயே தடயம் கிடைச்சது இதுதான் முதல் தடவை!"